பிரிஸ்பேன் ஸ்கின் கிளினிக் அனுபவம்: நாலு மச்சத்துல மூணை விட்டாங்க, ஒண்ணை எடுத்தாங்க

எழுதணும் எழுதணும்னு தள்ளிப்போட்டுட்டே வந்த ரிவ்யூ இது. பிரிஸ்பேன் நார்த்சைட்ல இருக்கிற ஒரு ஸ்கின் கேன்சர் கிளினிக்குக்கு போன வருஷம் மார்ச்ல இருந்து இப்போ வரைக்கும் அஞ்சு தடவை போயிட்டு வந்துட்டேன். கிளினிக் பேரு இங்க போடல, ஏன்னா அதுக்கு முன்னாடி போன இன்னொரு இடத்தைப் பத்தியும் நடந்ததை நடந்தபடி எழுதப் போறேன், ரெண்டும் பக்கத்துப் பக்கத்து ஏரியா, ஒண்ணைச் சொன்னா இன்னொண்ணு எதுன்னு தெரிஞ்சிடும். நம்ம ஆளுங்க நெறைய பேரு "நமக்கெல்லாம் ஸ்கின் கேன்சர் வராது, அது வெள்ளைக்காரங்களுக்கு"ன்னு நெனச்சுக்கிட்டு இந்தப் பக்கமே போறதில்ல, நானும் 11 வருஷமா அப்படித்தான் இருந்தேன், அதனாலதான் கொஞ்சம் நீட்டியே எழுதுறேன்.

எனக்கு வயசு 41. சொந்த ஊரு தென்காசி பக்கம், மாநிறம். போன வருஷம் ஜனவரில தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போனப்ப சித்தி கையில கால்ல எல்லாம் மருதாணி வச்சு விட்டாங்க, உள்ளங்கால் ஓரம் வரைக்கும் நல்லா அப்பி விட்டாங்க. திரும்பி வந்து மூணு வாரத்துல சாயம் எல்லாம் போயிடுச்சு, ஆனா இடது குதிகால் உள்பக்கத்துல மட்டும் ஒரு பொட்டு அளவு கரும்பழுப்பா அப்படியே நின்னுச்சு. மருதாணி மேல்தோல்ல மட்டும்தான் ஏறும், தோல் உரிய உரிய தானா போயிடணும், இது போகல. எவ்வளவு தேச்சாலும் போகல. அப்பதான் அது மருதாணி இல்ல மச்சம்னு புரிஞ்சுது, முன்னாடியே இருந்ததா புதுசா வந்ததான்னு எனக்குச் சொல்லவே தெரியல, ஏன்னா உள்ளங்காலை யாரு பாக்குறா.

எனக்கு பயம் வந்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. எங்க பெரியப்பாவுக்கு குதிகால்ல கருப்பா ஒண்ணு வந்து, கால் ஆணின்னு சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல ஆணி பிளாஸ்டர் போட்டாங்க, ரெண்டு தடவை சீவி விட்டாங்க, புண்ணாகி ஆறவே இல்ல, கடைசில பெரிய ஆஸ்பத்திரில சதை எடுத்து டெஸ்ட் பண்ணப்ப மெலனோமான்னு, அதாவது தோலுக்கு நிறம் குடுக்கிற செல்லுல வர்ற கேன்சர்னு வந்துச்சு, அப்பவே தொடை இடுக்குல நெறி கட்டியிருந்துச்சு. 2009ல தவறிட்டாங்க. வீட்டுல அதை "கால் புண்ணு"ன்னுதான் இன்னைக்கும் சொல்றாங்க, கேன்சர்னு யாரும் வாய் திறந்து சொன்னதில்ல. நம்ம மாதிரி நிறத்துல மெலனோமா ரொம்பக் குறைவுதான், அது உண்மை. ஆனா வந்தா பெரும்பாலும் வர்ற இடம் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில. வெயிலுக்கும் அதுக்கும் பெரிய சம்பந்தம் இல்ல. பாப் மார்லி 36 வயசுல 1981ல செத்ததும் இதே வகைலதான், கால் கட்டைவிரல் நகத்துல ஆரம்பிச்சது. யாரும் தேடாத இடத்துல வர்றதால லேட்டா கண்டுபிடிக்கிறாங்க, அதனாலதான் நம்ம ஆளுங்களுக்கு அது ஆபத்தா முடியுது.

முதல்ல வழக்கமா போற ஜிபி, அதாவது பொது டாக்டர் கிட்ட காட்டினேன். ஷூவைக் கழட்டச் சொன்னாரு, ஒரு செகண்ட் பாத்தாரு, "உங்க ஸ்கின்னுக்கு கவலையே வேண்டாம்"னாரு. எனக்கு மனசு ஆறல. வீட்டுக்காரர் வேற என் முதுகுல ரெண்டு மூணு மச்சம் பெருசா கலர் கலரா இருக்குன்னு ரொம்ப நாளா சொல்லிட்டே இருந்தாரு. சரின்னு ஒரு ஸ்கின் கிளினிக்ல புக் பண்ணிப் போனேன், மறுநாளே அப்பாயிண்ட்மென்ட் கிடைச்சுது, பல்க் பில், அதாவது மெடிகேர்ங்கிற அரசாங்க மருத்துவக் காப்பீடே ஃபீஸைக் குடுத்துடும், கைக்காசு ஒண்ணும் இல்ல. அங்க நடந்தது என்னன்னா, பத்து நிமிஷத்துல முடிச்சுட்டாங்க, டிரெஸ் முழுசா மாத்தச் சொல்லல, முதுகைப் பாத்துட்டு "இதுல நாலு அட்டிபிக்கலா, அதாவது வழக்கமான மச்சம் மாதிரி இல்லாம இருக்கு, இன்னைக்கே ஷேவ் பண்ணி மேலாக சீவி எடுத்துடலாம், உடம்புல வச்சிருக்கிறதை விட எடுத்துடறது சேஃப்"னு சொன்னாங்க. நான் காலைக் காட்டணும்னு சொன்னேன், அதுக்கு வேற அப்பாயிண்ட்மென்ட் போடுங்கன்னாங்க. நான் எதுக்கு வந்தேனோ அதையே பாக்காம, நான் கேக்காததை வெட்டலாம்னு சொன்னது எனக்கு ஒப்பல. யோசிச்சு சொல்றேன்னு எந்திரிச்சு வந்துட்டேன். அன்னைக்கு எந்திரிச்சு வந்தது சரிதான்னு பின்னாடி தெரிஞ்சுது.

அப்புறம்தான் இந்த கிளினிக். ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஆஸ்திரேலியப் பொண்ணு சொன்னா, அவ குடும்பத்துல மூணு பேருக்கு மெலனோமா எடுத்திருக்காங்க, இங்க அதெல்லாம் சாதாரணம். குயின்ஸ்லாந்துல இருக்கிறவங்களுக்கு இது புதுசில்ல, ஆஸ்திரேலியாவுல 70 வயசுக்குள்ள மூணுல ரெண்டு பேருக்கு ஏதாவது ஒரு ஸ்கின் கேன்சர் வந்துடுதுன்னு கணக்கு, அதுல பெரும்பாலானது மெலனோமா இல்ல, சுலபமா வெட்டி எடுத்துடற மத்த ரகம். 1981லயே ஸ்லிப் ஸ்லாப் ஸ்லாப்னு விளம்பரம் ஆரம்பிச்சு சட்டை போடு, சன்ஸ்கிரீன் தடவு, தொப்பி வைன்னு ஒரு தலைமுறைக்கே சொல்லிக் குடுத்திருக்காங்க, என் பொண்ணு ஸ்கூல்ல தொப்பி இல்லன்னா வெளிய விளையாட விடமாட்டாங்க. இவ்வளவு இருந்தும் தோலுக்குன்னு அரசாங்கமே கூப்பிட்டுப் பாக்குற திட்டம் கிடையாது. 50 வயசு ஆனா குடல் கேன்சர் டெஸ்ட் கிட் தபால்ல வீட்டுக்கே வரும், மச்சத்துக்கு அப்படி ஒண்ணும் வராது, நாமளா புக் பண்ணி நாமளா போகணும்.

இந்த இடத்துல அப்பாயிண்ட்மென்ட்டுக்கு ஆறு வாரம் காத்திருக்க வேண்டியிருந்துச்சு, அது ஒரு குறைதான். ஆனா முந்தின நாள் வந்த மெசேஜ்லயே வித்தியாசம் தெரிஞ்சுது. மேக்கப் போடாதீங்க, நெயில் பாலிஷ் கை கால் ரெண்டுலயும் அழிச்சுட்டு வாங்க, தலையில சீப்பு ஓடற மாதிரி முடியை விட்டுட்டு வாங்கன்னு. உள்ள போனதும் நர்ஸ் கவுன் குடுத்தாங்க, பொம்பள டாக்டர் வேணுமா, கூட ஒரு ஆள் நிக்கணுமான்னு கேட்டாங்க. டாக்டரம்மா முதல்ல கேட்ட கேள்விகள் எதுவும் மச்சத்தைப் பத்தி இல்ல. குடும்பத்துல யாருக்காவது மெலனோமா இருந்துச்சா, கிட்னி மாதிரி ஏதாவது மாத்தி வச்சு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுறீங்களா, சின்ன வயசுல தோல் உரியற அளவுக்கு வெயில்ல வெந்திருக்கீங்களா, இது மாதிரி. பெரியப்பா கதையை சொன்னேன். உடனே "அப்ப காலுல இருந்து ஆரம்பிக்கலாம்"னு உக்காந்துட்டாங்க. எனக்கு அந்த ஒரு வார்த்தைலயே பாதி பாரம் இறங்கிடுச்சு.

மெட்டியைக் கழட்டச் சொன்னாங்க, விரல் இடுக்கு ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் பாத்தாங்க. நெத்தில ஸ்டிக்கர் பொட்டை எடுத்துட்டு அதுக்கடியில பாத்தாங்க. வகிடு, காதுக்குப் பின்னாடி, அக்குள், நகம் இருபதும். 40 நிமிஷம். கையில வச்சிருந்தது டெர்மட்டாஸ்கோப்னு ஒரு சின்ன லென்ஸ், லைட்டோட, பத்து மடங்கு பெருசாக் காட்டும், தோல் மேல வர்ற மினுமினுப்பை அடக்கிடறதால மேல்தோலுக்குக் கீழ இருக்கிற நிறமும் கோலமும் தெரியும். கோலம்னு சும்மா சொல்லல, என் உள்ளங்கால் மச்சத்தை ஸ்கிரீன்ல போட்டுக் காட்டினப்ப நெஜமாவே கோடு கோடா இழுத்த மாதிரி இருந்துச்சு.

அதை அவங்க விளக்கின விதம் இன்னும் ஞாபகம் இருக்கு. உள்ளங்கால்ல, உள்ளங்கையில ரேகை ஓடுதில்ல, அது மேடும் பள்ளமுமா மாறி மாறி வரும். நான் மனசுக்குள்ள வயல்ல வரப்பும் வாய்க்காலும்னு வச்சுக்கிட்டேன். சாதாரண மச்சமா இருந்தா கருப்பு நிறம் வாய்க்கால்ல ஓடும். மெலனோமாவா இருந்தா வரப்பு மேல ஓடும், வியர்வைத் துளை எல்லாம் வரப்பு மேலதான் இருக்கும், அதை வச்சு எது மேடு எது பள்ளம்னு கண்டுபிடிச்சுடலாம். எனக்கு இருந்தது வாய்க்கால்ல. அளவு 4 மில்லிமீட்டர். உள்ளங்கால்ல புள்ளி 7 மில்லிமீட்டருக்கு மேல போய், கோலமும் தெளிவா நல்லதுன்னு சொல்ல முடியலன்னா சதை எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்களாம். எனக்கு வெட்ட வேண்டாம், போட்டோ எடுத்து வச்சு ஆறு மாசத்துல திரும்பப் பாக்கலாம்னு சொன்னாங்க. நான் அழுதுட்டேன். டிஷ்யூ பாக்ஸை நர்ஸ் பேசாம எடுத்துக் குடுத்தாங்க.

நகத்துல கோடு இருக்கிறவங்களுக்காக இதையும் சேத்து எழுதிடறேன், அன்னைக்கு கேட்டுக்கிட்டது. நம்ம நிறத்துல பல நகத்துல பழுப்புக் கோடு நீளவாக்குல இருக்கிறது சகஜம், பயப்பட வேண்டியதில்ல. ஒரே ஒரு நகத்துல மட்டும் புதுசா வந்து, அகலமாகிட்டே போனா, இல்ல நகத்தைத் தாண்டி ஓரத்துத் தோல்லயும் கருப்பு பரவினா உடனே காட்டணும். இடிச்சு ரத்தம் கட்டினதா இருந்தா நகம் வளர வளர அது முன்னாடி நகர்ந்துடும், கால் கட்டைவிரல் நகம் முழுசா மாற ஒண்ணு ஒண்ணரை வருஷம் ஆகும், ஆனா நகரறது ரெண்டு மூணு மாசத்துலயே தெரியும். நகராம அதே இடத்துல நின்னா அது ரத்தக்கட்டு இல்ல.

இப்ப முதுகுக்கு வர்றேன், அட்டிபிக்கல் மச்சம்ங்கிற விஷயம் அங்கதான். முந்தின இடத்துல நாலுன்னு சொன்னாங்கல்ல, இவங்க மூணுதான் அட்டிபிக்கல், நாலாவது மச்சமே இல்ல, வயசானா வர்ற செதில் மாதிரி ஒண்ணு, தொட வேண்டாம்னு விட்டுட்டாங்க. அட்டிபிக்கல்னா கேன்சர் இல்ல. பாக்க வழக்கமான மச்சம் மாதிரி இல்ல, அவ்வளவுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம். 5, 6 மில்லிமீட்டருக்கு மேல இருக்கும், ஓரம் தெளிவா முடியாம தோலோட கரைஞ்ச மாதிரி இருக்கும், ஒரே மச்சத்துல பழுப்பு, கருப்பு, கொஞ்சம் ரோஸ் எல்லாம் கலந்து இருக்கும், சிலது நடுவுல மேடா சுத்தி தட்டையா ஆஃப்பாயில் மாதிரி இருக்கும். டிஸ்பிளாஸ்டிக்னு ரிப்போர்ட்ல இன்னொரு வார்த்தை வரும், அது வெட்டி எடுத்து மைக்ராஸ்கோப்ல பாத்தப்புறம் செல்லு எப்படி இருக்குன்னு பேத்தாலஜிஸ்ட் சொல்றது. கண்ணுக்கு அட்டிபிக்கலா தெரியறது எல்லாம் மைக்ராஸ்கோப்ல டிஸ்பிளாஸ்டிக்கா இருக்கணும்னு இல்ல, இது தெரியாம கூகிள் பண்ணி நான் ரெண்டு ராத்திரி தூங்கல.

எனக்கு ஒரு கேள்வி இருந்துச்சு, உங்களுக்கும் இருக்கும். சந்தேகமா இருக்குன்னா மூணையும் எடுத்துட்டா நிம்மதியா இருக்கலாமே, எதுக்கு வச்சுப் பாக்கணும். அதுக்கு அவங்க சொன்ன பதில்தான் இந்த ரிவ்யூ எழுதறதுக்கே காரணம். அட்டிபிக்கல் மச்சத்துல பெரும்பாலானது கடைசி வரைக்கும் அப்படியேதான் இருக்கும், மெலனோமாவா மாறாது. இன்னொண்ணு, மெலனோமால முக்கால்வாசிக்குக் கிட்ட ஏற்கனவே இருந்த மச்சத்துல வர்றதில்ல, ஒண்ணுமே இல்லாத தோல்ல புதுசா வருது. அப்ப இருக்கிற மச்சத்தை எல்லாம் எடுத்துட்டா ஆபத்து போயிடாது, தழும்புதான் மிஞ்சும். அட்டிபிக்கல் மச்சம் நெறைய இருக்குன்னா அதோட அர்த்தம் "இந்த உடம்பை அடிக்கடி பாக்கணும்"ங்கிறதுதான், "இந்த மச்சத்தை எல்லாம் வெட்டணும்"ங்கிறது இல்ல. அதுலயும் நம்ம நிறத்துல முதுகு, தோள், நெஞ்சுல வெட்டினா தழும்பு தடிச்சு கீலாய்டா வளர வாய்ப்பு ஜாஸ்தின்னு அவங்களே முன்கூட்டி சொன்னாங்க. முதல்ல போன இடத்துல இதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது.

மூணு மச்சத்துல ரெண்டு ஒரே ஜாடை, அண்ணன் தம்பி மாதிரி. ஒருத்தர் உடம்புல மச்சங்கள் பொதுவா ஒரே ஜாடைல இருக்கும், கூட்டத்துல ஒட்டாம ஒண்ணு தனியா நின்னா அதைத்தான் முதல்ல பாக்கணுமாம். அப்படி ஒண்ணு எனக்கு இருந்துச்சு, ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல, பிரா ஸ்ட்ராப் படுற இடத்துக்குக் கொஞ்சம் கீழ, 7 மில்லிமீட்டர். வழக்கமா சொல்ற ஏ பி சி டி கணக்குல, ரெண்டு பாதி ஒண்ணுபோல இல்லாம இருக்கிறது, ஓரம் கிழிஞ்ச மாதிரி இருக்கிறது, பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல, நாலுமே அதுக்குப் பொருந்திச்சு. ஆனா லென்ஸ்ல பாத்தா மெலனோமாவுக்கு உரிய அடையாளம் எதுவும் தெளிவா இல்லன்னாங்க. அஞ்சாவது எழுத்து ஈ, அதாவது மாறுதா இல்லையா, அதுதான் எல்லாத்தையும் விட முக்கியம், அதை ஒரு நாள் பாத்து சொல்ல முடியாது. அதனால அந்த ஒண்ணை கேமரால லென்ஸ் வழியா படம் எடுத்து வச்சு, மூணு மாசம் கழிச்சு அதே வெளிச்சத்துல அதே பெருசுல இன்னொரு படம். ரெண்டும் அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணா இருந்தா விடலாம், கொஞ்சம் மாறியிருந்தாலும் எடுத்துடணும். மத்த ரெண்டுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை பாத்தா போதும்.

ஒரு விஷயம் அழுத்திச் சொன்னாங்க, நீங்களும் மறக்காதீங்க. இந்த மூணு மாசம் காத்திருக்கிறது தட்டையான மச்சத்துக்கு மட்டும்தான். மேடா, தொட்டா கெட்டியா, வாரத்துக்கு வாரம் வளருற எதையும் போட்டோ எடுத்து வச்சு காத்திருக்கவே கூடாது, அது கருப்பா இல்லாம ரோஸ் கலர்ல இருந்தாலும் சரி. அந்த ரகம் வேகமா உள்ள இறங்கிடும். மெலனோமால தப்பிக்கிறதும் தப்பிக்காததும் எவ்வளவு ஆழம் போயிருக்குங்கிறதை வச்சுத்தான், ஒரு மில்லிமீட்டருக்குள்ள இருந்தா பெரும்பாலும் வெட்டி எடுத்ததோட முடிஞ்சிடும், அதுக்கு மேல போகப் போக கதை மாறிடும். மேலாக ஷேவ் பண்ணி எடுக்கிறதுல இருக்கிற சிக்கலும் இதுதான், அடிப்பாகம் தோல்லயே தங்கிட்டா ஆழத்தை அளக்க முடியாம போயிடும். ஆழமா சீவி எடுக்கிற முறை சில இடத்துக்கு சரிதான்னும் சொன்னாங்க, ஆனா மெலனோமா சந்தேகம்னா முழு மச்சத்தையும் சுத்தி 2 மில்லிமீட்டர் விட்டு தோலோட ஆழத்துக்கு எடுத்து தைக்கிறதுதான் அவங்க வழக்கம்.

மூணு மாசம் கழிச்சுப் போனேன். ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டாங்க. நான் ஒரே மாதிரி இருக்குன்னு நெனச்சேன். அவங்க விரலை வச்சுக் காட்டினப்புறம்தான் தெரிஞ்சுது, கீழ் ஓரத்துல சின்னதா ஒரு நாக்கு நீட்டின மாதிரி நிறம் வெளிய வந்திருந்துச்சு, ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. என் வீட்டுக்காரர் மாசாமாசம் போன்ல போட்டோ எடுத்துட்டுத்தான் இருந்தாரு, அதுல ஒண்ணும் தெரியல. அந்தக் கேமரா கூடவே ஒரு சாஃப்ட்வேர் மச்சத்துக்கு மார்க் போடும், அது பரவால்லன்னுதான் போட்டுச்சு. டாக்டர் அதை நம்பல, இந்த சாஃப்ட்வேர் எல்லாம் பெரும்பாலும் வெள்ளைத் தோல் படங்களை வச்சுப் பழக்கினது, உங்க நிறத்துக்கு நான் என் கண்ணைத்தான் நம்புவேன்னாங்க. இந்த ஒரு இடத்துக்காகவே அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன்.

அடுத்த வாரம் எடுத்தாங்க. மரப்பு ஊசி குத்துறப்ப எரிச்சல், அதுக்கப்புறம் இழுக்கிறது மட்டும்தான் தெரிஞ்சுது, அரை மணி நேரம். மச்சம் 7 மில்லிமீட்டர்தான், தையல் மூணு சென்டிமீட்டருக்கு மேல வந்துச்சு, வட்டமா வெட்டினா தைக்கிறப்ப ஓரம் சுருங்கி மேடாகிடும்னு கண்ணு வடிவத்துல நீளமா வெட்டுவாங்களாம், இதை முன்னாடியே படம் போட்டுக் காட்டினதால எனக்கு அதிர்ச்சி இல்ல. ரெண்டு வாரம் கையைத் தூக்கி வேலை செய்யக் கூடாது, துணி காயப் போடக் கூடாது, இட்லி மாவு கிரைண்டரைத் தூக்கக் கூடாது. அது கஷ்டமாத்தான் இருந்துச்சு.

ஒரு வாரத்துல ரிப்போர்ட் வந்துச்சு. மெலனோமா இல்ல. ஆனா கடுமையான டிஸ்பிளாசியா, அதாவது செல்லு ரொம்பவே மாறியிருக்கு, வெட்டி எடுத்ததோட ஒரு பக்க ஓரத்தைத் தொட்டுட்டு இருக்குன்னு போட்டிருந்துச்சு. போன்ல சொல்லாம நேர்ல வரச் சொல்லி உக்கார வச்சு சொன்னாங்க. லேசானது, நடுத்தரம், கடுமைன்னு முன்னாடி மூணா பிரிப்பாங்க, இப்ப 2018ல இருந்து உலக சுகாதார நிறுவனத்தோட வகைப்பாட்டுல லோ கிரேடு, ஹை கிரேடுன்னு ரெண்டுதான், ஆனா ரிப்போர்ட் எழுதறவங்க நெறைய பேரு இன்னும் பழைய வார்த்தையையும் சேத்து எழுதறாங்க. லேசானதுன்னு வந்தா ஒண்ணும் செய்ய வேண்டாம். நடுத்தரம்னா, கண்ணுக்குத் தெரிஞ்சது எல்லாம் வந்துடுச்சுன்னா ஓரத்துல கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் பெரும்பாலும் விட்டுட்டுப் பாப்பாங்க. கடுமைன்னு வந்தா அதுக்கும் தோல் மேலயே நிக்கிற ஆரம்ப மெலனோமாவுக்கும் நடுவுல கோடு போடறது பேத்தாலஜிஸ்ட்டுக்கே சில நேரம் சிரமம், அதனால இன்னும் கொஞ்சம் சுத்தி எடுத்துடுவாங்க. எனக்கு 5 மில்லிமீட்டர் விட்டு இன்னொரு தடவை எடுத்தாங்க. ரெண்டாவது ரிப்போர்ட்ல மிச்சம் எதுவும் இல்ல, ஓரம் சுத்தம். மெலனோமாவா இருந்திருந்தா இது ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கூட போயிருக்கும்னாங்க.

முதல்ல போன இடத்துல அன்னைக்கே நாலையும் சீவியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சுப் பாக்குறேன். இந்த ஒண்ணும் போயிருக்கும்தான், அது உண்மை, அதை நான் மறைக்கல. ஆனா கூடவே தேவையில்லாத மூணு தழும்பு வந்திருக்கும், இது மேலாக சீவி அடி தங்கியிருந்தா மறுபடி கருத்து வந்து குழப்பியிருக்கும், உள்ளங்காலை யாரும் பாத்திருக்கவே மாட்டாங்க.

அம்மாகிட்ட சொன்னதும் ஒரே சண்டை. "ஏட்டி, மச்சத்துல கத்தி வைக்காத, தொட்டா புத்துநோயா மாறிடும்"னு. இந்த நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கு, எனக்கும் இருந்துச்சு, டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன். முழுசா எடுத்து டெஸ்டுக்கு அனுப்புறதால எதுவும் கேன்சரா மாறாது, ஏற்கனவே மோசமா இருந்ததை லேட்டா வெட்டினவங்க கதையைப் பாத்துத்தான் இந்தப் பேச்சு வந்திருக்கும்னு சொன்னாங்க, பெரியப்பாவை நெனச்சா எனக்கும் அப்படித்தான் தோணுது. அம்மாவோட அடுத்த கவலை சர்டிபிகேட். ஸ்கூல் டிசில அடையாளம்னு இடது முழங்கைக்குக் கீழ ஒரு மச்சம்னு எழுதியிருக்கே, அதை எடுத்துட்டா நாளைக்கு பிரச்சினை வராதான்னு. அது 2 மில்லிமீட்டர்ல ஒரே கருப்பா வட்டமா பொறந்ததுல இருந்து இருக்கிற மாதிரி இருக்கு, அதை யாரும் தொடலம்மான்னு வீடியோ கால்ல கையை நீட்டிக் காட்டினதுக்கு அப்புறம்தான் சமாதானம் ஆனாங்க.

ஊர்ல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். மச்சத்துக்கு மேல சுண்ணாம்பு வைக்கிறது, மருவுக்குக் கட்டுற மாதிரி முடி வச்சு இறுக்கிக் கட்டுறது, பியூட்டி பார்லர்ல சுட்டு எடுக்கிறது, ஆன்லைன்ல விக்கிற மச்சம் போக்குற கிரீம், இதெல்லாம் தயவுசெஞ்சு வேண்டாம். லேசர்லயும் அதேதான். சுட்டுட்டா டெஸ்ட் பண்ண சதையே மிஞ்சாது, உள்ள என்ன இருந்துச்சுன்னு யாருக்கும் எப்பவும் தெரியாது. அழகுக்காக எடுக்கணும்னாலும் முதல்ல தோல் டாக்டர் லென்ஸ் வச்சுப் பாத்து சாதாரண மச்சம்தான்னு சொல்லட்டும்.

கிளினிக்கோட குறைகளையும் எழுதிடறேன். ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரமாவது லேட்டாத்தான் கூப்பிடுறாங்க. பார்க்கிங் ஆறு கார் நிக்கிற அளவுதான். முதல் செக்கப்புக்கு மெடிகேர் போக கைல இருந்து 95 டாலர், போட்டோ எடுத்து வைக்கிறதுக்கு தனியா 60, அதுக்கு எனக்கு ஒரு காசு திரும்ப வரல. மச்சம் எடுத்ததுக்கு மெடிகேர் கொஞ்சம் குடுத்துச்சு, ஏன்னா சந்தேகத்துக்காக எடுத்தது, அழகுக்காக எடுத்தா கிடைக்காது. போட்டோவை நாமளே பாக்க ஒரு ஆப் இருக்கு, அதுல லாகின் பண்ணவே எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. இன்னொரு விஷயம் தெரிஞ்சுக்கங்க, இந்த மாதிரி கிளினிக்ல இருக்கிறவங்க பெரும்பாலும் ஸ்கின்ல கூடுதலா படிச்ச ஜிபி தான், டெர்மட்டாலஜிஸ்ட்ங்கிற தோல் ஸ்பெஷலிஸ்ட் இல்ல. டெர்மட்டாலஜிஸ்ட்கிட்ட போக ரெஃபரல் வேணும், காத்திருப்பும் ரொம்ப நீளம். எனக்கு இவங்களே போதுமா இருந்துச்சு, ரெண்டாவது ரிப்போர்ட்ல மட்டும் சந்தேகம் வந்தா டெர்மட்டாலஜிஸ்ட்டுக்கு அனுப்புறேன்னு அவங்களே சொல்லியிருந்தாங்க.

யாரு போகணும்னு கேட்டா, குடும்பத்துல மெலனோமா இருந்தவங்க, உடம்புல நூறுக்குப் பக்கமா மச்சம் இருக்கிறவங்க, அட்டிபிக்கல்னு ஏற்கனவே சொல்லப்பட்டவங்க, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க கண்டிப்பா. மத்தவங்க 40 வயசுக்கு மேல புதுசா ஒரு மச்சம் வந்தா காட்டுங்க, பிள்ளைங்களுக்கு புதுசு புதுசா வர்றது இயல்பு, நமக்கு அந்த வயசுல வர்றது குறைவு. கர்ப்பமா இருக்கிறப்ப மச்சம் கருக்கத்தான் செய்யும்னு விட்டுடாதீங்க, ஒண்ணு மட்டும் மாறினா அதையும் காட்டணும். அரிப்பு, ரத்தம், ஆறாத புண்ணு இருந்தா ஆறு வாரம் கியூல நிக்காம ரிசப்ஷன்ல அதைச் சொல்லுங்க, முன்னாடி போடுவாங்க. புக் பண்றப்ப முழு உடம்பு செக், நீளமான அப்பாயிண்ட்மென்ட், உள்ளங்காலும் நகமும் சேத்துன்னு கேட்டு வாங்குங்க.

ஆறு மாசத்துல உள்ளங்காலைத் திரும்பப் பாத்தாங்க, அதே 4 மில்லிமீட்டர், அதே வாய்க்கால். முதுகுத் தழும்பு கொஞ்சம் தடிச்சுத்தான் இருக்கு, சிலிகான் ஜெல் தடவுறேன், குறைஞ்சிட்டு வருது. அடுத்த செக்கப்புக்கு வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போறேன், அவரு 15 வருஷமா ஒவ்வொரு சனிக்கிழமையும் தொப்பி இல்லாம கிரிக்கெட் ஆடினவரு, இதுவரைக்கும் ஒரு தடவை கூட யாரும் அவர் முதுகைப் பாத்ததில்ல.